அம்மாவுக்கு ஐபோனா, சாம்சங்கா, கையில் கிடைத்ததா? பூட்டிய செயலிகளை வைத்து ஒரு கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் புதுக் கைப்பேசி வாங்கும் பேச்சு எடுத்தால், இப்போது விலைக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஐபோன் வைத்திருக்கிறான். "நீங்களும் ஐபோன் வாங்குங்கம்மா, ஃபேஸ்டைம்ல பேசலாம்" என்கிறான். மகளுக்குச் சாம்சங், அவளுடைய பாடக்குறிப்பு எல்லாம் சாம்சங் நோட்ஸில் இருக்கிறது. அப்பாவிடம் இருப்பது பட்டணத்துக் கடையில் வாங்கிய ஷாவ்மி. அம்மாவின் பழைய கைப்பேசி செத்துப்போனதும் மூவரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள்.

இந்த இழுபறியின் வேர் ஒன்றுதான். கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் செயலிகளில் நல்லவற்றைத் தங்கள் கருவியை விட்டு வெளியே விடுவதில்லை. 2010-இல் ஐபோன் 4-உடன் ஆப்பிளின் காணொளி அழைப்புச் செயலி ஃபேஸ்டைம் வந்தபோது, அதை எல்லாரும் பயன்படுத்தும் பொதுத் தரமாகத் திறந்துவிடப் போவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். அது நடக்கவில்லை. 2021-இல் ஐபோனின் இயங்குதளம் ஐஓஎஸ் 15 வந்தபோது ஒரு சன்னல் மட்டும் திறந்தது: ஐபோன்காரர் இணைப்பு அனுப்பினால், ஆண்ட்ராய்டுக்காரர் உலாவி வழியாகச் சேரலாம். ஆண்ட்ராய்டிலிருந்து அழைப்பைத் தொடங்க வழியில்லை.

ஏன் இப்படி? விளையாட்டுச் செயலிகள் செய்யும் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், 2021-இல் ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளிவந்தன. ஆப்பிளின் செய்திச் செயலியான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுப்பதற்கு இருக்கும் தடை விலகிவிடும் என்று மூத்த அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி அதில் கவலைப்பட்டிருந்தார். ஆக, பிள்ளைக்கு எந்தக் கைப்பேசி வாங்குவது என்று வீட்டில் நடக்கும் பேச்சை எண்ணித்தான் அந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

கேமரா, திரை, வேகம் பற்றிய ஒப்பீடுகள் நிறைய இருக்கின்றன. இங்கே பார்ப்பது வேறு.

முதலில், யார் வெளியே நிற்கிறார்? ஒரு செயலி வீட்டில் மூவருக்கு வேலை செய்து நான்காமவருக்குச் செய்யவில்லை என்றால், அந்த நான்காமவர் பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருப்பார்.

இரண்டாவது, வெளியேறும் வழி. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் தென்னையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்ப்போம். தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொன்னால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கைப்பேசி நிறுவனத்தின் சொந்தச் செயலியில் எழுதும் குறிப்பும் சேர்க்கும் படமும் அந்த மரங்கள் போல. எதை எடுத்துக்கொண்டு போகலாம், எது அங்கேயே நின்றுவிடும் என்று நடும்போதே கேட்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டின் கைப்பேசிகள் ஒரே நாளில் பழுதாவதில்லை. ஒன்று இந்த ஆண்டு, ஒன்று அடுத்த ஆண்டு என்று மாறும். அண்ணனுடையது தம்பிக்கு, தம்பியுடையது பாட்டிக்கு என்று கைமாறும். "எல்லாரும் ஒரே பிராண்ட்" என்ற திட்டம், ஒவ்வொரு முறை ஒருவர் வாங்கும்போதும் மற்றவர்களின் கைப்பேசிக்குக் கட்டுப்பட்டே நிற்க வேண்டும். இந்தக் கணக்கு ஐந்தாறு வருடம் ஓடும்.

மற்றவை மறைச்செலவும் பழுது பார்க்கும் தூரமும்.

## எல்லாரும் ஐபோன்

பூட்டு இருக்கும் வீடுகளில் உள்ளே வசதி அதிகம் உள்ள வீடு இது. ஃபேஸ்டைம், பக்கத்தில் இருப்பவருக்குப் படம் அனுப்பும் ஏர்டிராப், ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர் பார்க்கும் ஃபைண்ட் மை, 6 பேர் வரை சேரும் குடும்பப் பகிர்வு ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றன. ஆப்பிள் வாட்சை ஐபோன் இல்லாமல் அமைக்க முடியாது. ஆனால் வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில், கீழே விழுந்தால் கண்டறிந்து அவசர எண்ணை அழைக்கும் அதன் வசதிக்காகவே ஐபோன் பக்கம் போகலாம்.

இங்கே இன்னொரு நன்மை உண்டு. கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும்) கோப்பு அனுப்பி, திறந்தவரின் வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நம் நாட்டில் பலரை அழ வைத்திருக்கிறது. ஏபிகே ஐபோனில் ஓடாது. எதை அனுப்பினாலும் தொட்டுப் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், இதைத் தனியாக எடை போடுங்கள்.

இனி செலவு. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 இங்கே 3,999 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கியது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. இரண்டு மாதச் சம்பளத்தைத் தொடாமல் வைத்தாலும் ஒரு கைப்பேசிக்குப் போதாது. அதனால் தோட்டப்புறக் குடும்பங்கள் பெரும்பாலும் பயன்படுத்திய ஐபோனைத்தான் பார்க்கின்றன. அதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு. பணம் கொடுக்கும் முன், அமைப்புகளில் "பொது" என்ற பகுதியின் கடைசியில் இருக்கும் "ஐபோனை மாற்று அல்லது மீட்டமை" வழியாகக் கடைக்காரர் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அழித்துத் திரும்ப எழும்போது பழைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அந்தக் கைப்பேசி வேண்டாம். "நாளைக்குத் திறந்து தருகிறோம்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

இரண்டு, வயது. வாட்ஸ்அப் 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே ஓடுவதில்லை. ஐபோன் 6-இல் இனி வாட்ஸ்அப் கிடையாது. ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஆகியவை 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-ஐப் பெறவில்லை. இப்போது ஓடும், ஆனால் பாட்டிக்குக் கைமாற்றும் நேரத்தில் முடிந்துபோயிருக்கும்.

மூன்று, ஏபி செட்டா (வெளிநாட்டுச் சந்தையிலிருந்து கடைகள் தாமே இறக்கியது), மலேசிய செட்டா என்று கேளுங்கள். ஏபி செட் விலை குறைவு. உத்தரவாதம் கடையின் சொல்லில்தான் நிற்கிறது. நாட்டின் முதல் ஆப்பிள் கடை 2024 ஜூனில் கோலாலம்பூர் டிஆர்எக்ஸ்-இல் திறந்தது. அங்கே போய்வருவது சுங்கை சிப்புட்காரருக்கு ஒரு நாள் வேலை. பட்டணத்துக் கடைகள் திரையும் பேட்டரியும் மாற்றித் தருவார்கள். அசல் உதிரிபாகம் வேண்டுமென்றால் ஈப்போ பக்கம் அங்கீகரிக்கப்பட்ட இடத்தைத் தேட வேண்டும்.

சிறிய மறைச்செலவு ஒன்றும் இருக்கிறது. ஐமெசேஜ், ஃபேஸ்டைமை இயக்கும்போது ஐபோன் பின்னணியில் ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். பிரீபெய்ட் சிம்மில் கிரெடிட் இல்லையென்றால் "இயக்கத்துக்குக் காத்திருக்கிறது" என்று மணிக்கணக்கில் நிற்கும். கைப்பேசி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம்; கிரெடிட் போட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. ஒரு திருவிழாவின் காணொளிகளுக்கே அது போதாது, மாதக் கட்டணம் தொடங்கிவிடும்.

எப்போது இதுவே சரி: வீட்டில் ஏற்கெனவே மூன்று ஐபோன்கள் இருந்து, ஒருவர் மட்டும் வெளியே நிற்கும்போது. வயதானவருக்கு ஆப்பிள் வாட்ச் தேவைப்படும்போது. மகனின் ஃபேஸ்டைமுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அவன் வாட்ஸ்அப்பில் வரட்டும். அவன் இணைப்பு அனுப்பி, அம்மா குரோமில் திறந்து, பெயரைத் தட்டி, அவன் உள்ளே அனுமதிக்கும் வரை காத்திருக்கும் முறையும் வேலை செய்யும். ஆனால் அம்மாவுக்கு மனசு கேட்காத இரவில், அம்மாவால் அவனை அதில் அழைக்க முடியாது. என் கணக்கில் அதுவே பெரிய குறை.

## எல்லாரும் சாம்சங்

சாம்சங்கின் பூட்டு சத்தமில்லாதது. கைப்பேசி ஆண்ட்ராய்டு என்பதால் "எல்லாம் திறந்ததுதானே" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சாம்சங் நோட்ஸ் வேறு பிராண்ட் கைப்பேசியில் ஓடாது. கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டரும் அப்படியே. தொலைந்த பொருளைத் தேட உதவும் ஸ்மார்ட்டேக் 2 சாவிக்கொத்தில் தொங்கினாலும், சாம்சங்கின் கேலக்ஸி கைப்பேசி வைத்திருப்பவர்தான் அதைத் தேட முடியும். ஆப்பிளின் ஏர்டேக்குக்கு ஐபோன் வேண்டியது போலவே.

கைக்கடிகாரத்தில் இந்தப் பூட்டு அடுக்கடுக்காக இருக்கிறது. 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஐபோனோடு சேராது. ஷாவ்மி, ஓப்போ போன்ற கூகுள் சேவையுள்ள ஆண்ட்ராய்டுகளோடு சேரும், நேரமும் அடிகளும் காட்டும். ஆனால் இசிஜியும் இரத்த அழுத்தமும் அளக்கும் செயலிக்குக் கேலக்ஸி கைப்பேசி கட்டாயம். அப்பாவின் ஷாவ்மியோடு சேர்த்து, இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக அந்தக் கடிகாரத்தை வாங்கினால் பணம் வீண். கேலக்ஸியோடு சேர்த்தாலும், கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை வைத்து 28 நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அந்தக் கருவியை எப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், இரத்த அழுத்தத்துக்கு அது ஒன்றே போதாதா என்று யோசியுங்கள்.

நிறுவனமே வழியை மாற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. கேலரிப் படங்களைச் சாம்சங் கிளவுடில் வைக்கும் சேவை 2021-இல் நின்றது. வைத்திருந்தவர்கள் காலக்கெடுவுக்குள் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவுக்கு மாற்றவோ இறக்கிக்கொள்ளவோ வேண்டியிருந்தது. அறிவிப்பு மின்னஞ்சலைப் படிக்காதவர்களுக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

இதன் பலம் விலையில் இருக்கிறது. ஆப்பிளின் புதுக் கைப்பேசி விலையில் பாதிக்கும் கீழே கேலக்ஸி ஏ வரிசை கிடைக்கிறது. 2024-இல் வந்த ஏ16-க்கே 6 ஆண்டு பாதுகாப்பு மேம்பாடு அறிவித்திருக்கிறார்கள். கைமாறிப் பாட்டியிடம் போனாலும் உயிரோடு இருக்கும். அமைப்புகளில் "ஆட்டோ பிளாக்கர்" என்ற வசதியை இயக்கினால், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயை நிறுவ விடாது. இந்த ஒன்றைச் செய்தால் ஐபோனின் அந்தப் பாதுகாப்பில் பெரும்பங்கு இங்கேயும் கிடைத்துவிடும். பெரியவருக்குக் கேலக்ஸி வாங்கினால் முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

எப்போது இதுவே சரி: எஸ் பென் என்ற சாம்சங் எழுதுகோலால் கையெழுத்தில் குறிப்பெடுக்கும் மாணவர் இருந்து, அவர் அதை மாதம் ஒருமுறை பிடிஎஃப் ஆக வெளியே எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால். பட்ஜெட் 1,000 வெள்ளிக்குள் இருந்து, ஐந்தாறு வருடம் ஓட வேண்டும் என்றால். இங்கேயும் குறிப்பு, படம், அரட்டை மூன்றையும் பொதுச் செயலியில் வைத்தால், அடுத்த கைப்பேசி எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

## கலந்த கைப்பேசி, பொதுச் செயலி

யார் எந்தக் கைப்பேசி வேண்டுமானாலும் வாங்கட்டும். குடும்பத்துக்குப் பொதுவானவை மட்டும் எல்லாக் கருவியிலும் ஓடும் செயலியில் இருக்கட்டும். அழைப்புக்கு வாட்ஸ்அப், படத்துக்குக் கூகுள் போட்டோஸ், குறிப்புக்குக் கூகுள் கீப், பணத்துக்கு டியூட்நவ் கியூஆர். சந்தைக் கடையிலும் மளிகைக் கடையிலும் ஒட்டியிருக்கும் டியூட்நவ் கியூஆர், வங்கிச் செயலியோ டச் என் கோ செயலியோ இருக்கும் எந்தக் கைப்பேசியிலும் ஓடும். தமிழ்த் தட்டச்சுக்கும் பயமில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தட்டச்சுச் செயலி இரண்டு பக்கமும் கிடைக்கிறது. ஐபோனின் சொந்த விசைப்பலகையிலும் அஞ்சல், தமிழ் 99 என்ற தட்டச்சு முறைகள் இருக்கின்றன.

பெரும்பாலான தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஆனால் இதற்கும் விலை உண்டு. அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயமில்லை.

முதல் சிக்கல் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் வரம்பில்லா இலவசம் கிடையாது. ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் காப்பும் (பேக்கப்) 2024-இலிருந்து அதே 15 ஜிபியில் ஏறுகிறது. நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு, ஜிமெயிலுக்கு அஞ்சல் வருவதும் நின்றுவிடும். வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. வாட்ஸ்அப் அமைப்பில் அரட்டைக் காப்புக்குள் போய், காணொளிகளைச் சேர்க்கும் தெரிவை அணையுங்கள். காலை வணக்கப் படங்களை மாதம் ஒருமுறை துடையுங்கள்.

இரண்டாவது, பின்னணியில் தூங்கிவிடுவது. ஷாவ்மி, ஓப்போ, விவோ கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும். வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காமல், அரை மணி கழித்துத் தவறிய அழைப்பாகத் தெரிவது இதனால்தான். அமைப்புகளில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பேட்டரிப் பகுதியில் "கட்டுப்பாடு இல்லை" என்று வைத்து, தானியங்கித் தொடக்கத்தையும் இயக்குங்கள். ஐபோனில் கூகுள் போட்டோஸ் பின்னணியில் மெதுவாகவே ஏற்றும்; வாரம் ஒருமுறை வைஃபையில் செயலியைத் திறந்தபடி சற்று நேரம் வைக்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கின் சாவி. பெரியவர்களுக்குக் கடைக்காரரே ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, மீட்பு எண் இருக்காது. கைப்பேசி உடைந்த அன்று பத்து வருடப் படமும் போய்விடும். இன்றே அந்தக் கணக்கில் பிள்ளை ஒருவரின் எண்ணை மீட்பு எண்ணாகச் சேர்த்து, கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அடையாள அட்டை நகலோடு வையுங்கள். 2 ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்கை நீக்கும் விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது.

பிள்ளைகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். கூகுள் ஃபேமிலி லிங்க்கில் பெற்றோர் ஐபோனிலிருந்தும் பார்க்கலாம், ஆனால் பிள்ளையின் கைப்பேசி ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். பிள்ளையிடம் ஐபோன் இருந்தால், அதன் ஸ்கிரீன் டைமைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி வேண்டும். கலந்த வீட்டில் சிறுவருக்கு ஆண்ட்ராய்டே வசதி.

## ஹுவாவெய் பற்றி ஒரு சொல்

2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப் பின் வந்த ஹுவாவெய் கைப்பேசிகளில், மேட் 30 தொடங்கி, கூகுள் சேவைகள் இல்லை. கேமராவும் பேட்டரியும் நன்றாக இருக்கும். விலைக்குறைப்பில் கண்ணை இழுக்கும். மாற்று வழியில் கூகுள் செயலிகளை ஓட்டலாம்தான், ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். வாங்கும் முன் உங்கள் வங்கிச் செயலி ஹுவாவெயின் செயலிக் கடையான ஆப்கேலரியில் இருக்கிறதா என்று கடையிலேயே தேடிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைக்குக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா வழியாகக் கூகுள் கிளாஸ்ரூம் வேண்டும் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| எது | எங்கே ஓடும் | வெளியே எடுக்கும் வழி |
|---|---|---|
| ஃபேஸ்டைம் | ஆப்பிள். மற்றவர்க்கு உலாவியில் விருந்தினராக மட்டும் | எடுக்க எதுவுமில்லை |
| ஆப்பிள் நோட்ஸ் | ஆப்பிள். ஐகிளவுட் தளத்தில் உலாவி வழியாக | ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் |
| ஐகிளவுட் படங்கள் | ஆப்பிள். உலாவி | ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் கேட்டால் கூகுள் போட்டோஸுக்கு நகல், 3 முதல் 7 நாள் |
| சாம்சங் நோட்ஸ் | கேலக்ஸி | பிடிஎஃப், வேர்டு ஆகச் சேமிக்கலாம் |
| செக்யூர் ஃபோல்டர் | கேலக்ஸி | அழிக்கும் முன் கையால் வெளியே நகர்த்த வேண்டும் |
| வாட்ஸ்அப் | எல்லாம் | ஐபோன், ஆண்ட்ராய்டு இடையே நேரடி மாற்றம் மட்டும். காப்பு செல்லாது |
| கூகுள் கீப், போட்டோஸ் | எல்லாம் | கூகுள் டேக்அவுட் (எல்லாவற்றையும் இறக்கும் கூகுள் சேவை) |

பக்கத்தில் இருப்பவருக்குப் படம் அனுப்புவதில் மட்டும் நிலைமை மாறி வருகிறது. 2024 ஜனவரியில் சாம்சங்கின் குவிக் ஷேரும் கூகுளின் நியர்பை ஷேரும் ஒன்றாயின. 2025 நவம்பரில் கூகுளின் பிக்சல் 10 கைப்பேசியின் குவிக் ஷேர் ஐபோனின் ஏர்டிராப்போடு பேசத் தொடங்கியது. இதை நம்பி இப்போதே எதையும் வாங்க வேண்டாம்.

## பக்கம் மாறும் நாளில்

தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர், சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைக்க வேண்டும். அணைக்காமல் போனால், மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்தி பழைய கைப்பேசியைத் தேடிக்கொண்டு போகும். மறந்துவிட்டால், எண்ணை நீக்க ஆப்பிளின் தளத்தில் தனிப்பக்கம் உண்டு.

வாட்ஸ்அப் அரட்டையை மாற்ற, புதுக் கைப்பேசி இன்னும் அமைக்கப்படாத நிலையில் இருக்க வேண்டும். கடையிலேயே எல்லாவற்றையும் அமைத்து வாங்கி வந்துவிட்டால், திரும்ப அழித்துத் தொடங்க நேரும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு "மூவ் டு ஐஓஎஸ்" செயலி. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு இரண்டையும் இணைக்கும் கேபிள். பழைய ஐபோன் என்றால் ஒரு முனை லைட்னிங், மறுமுனை யூஎஸ்பி-சி. இரண்டிலும் பேட்டரி நிறைந்திருக்கட்டும்.

வங்கிச் செயலியைக் கடைசியாக மாற்றுங்கள். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளின்படி, ஒருவரின் பரிவர்த்தனையை உறுதிசெய்ய ஒரு கருவிதான் பதிவாகும். புதுக் கருவியைப் பதிந்தபின் காத்திருப்பு நேரமும் உண்டு. 12 மணி நேரம் என்பது வழக்கம். அந்த இடைவெளியில் பணம் அனுப்ப முடியாது. வீட்டுக் கடன், கல்விக் கடன் தவணை கட்டும் நாளிலும், யாராவது மருத்துவமனையில் இருக்கும் வாரத்திலும் இதைத் தொடாதீர்கள்.

பழைய கைப்பேசியை அன்றே அழித்துத் தம்பியிடம் கொடுத்துவிடாமல், இரண்டு வாரம் அலமாரியில் வையுங்கள். ஐகிளவுட் படங்கள் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகலாம். தாத்தாவின் குரல் பதிவு வாய்ஸ் மெமோஸில் தனியாகக் கிடப்பது போன்றவை நினைவுக்கு வருவதும் அந்த நாட்களில்தான்.